மூன்று மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் எம்சிவி 66: இது தாலசீமியாவா?

கேள்வி: மனைவிக்கு வயது 29. சிங்கப்பூர்ப் பலதுறை மருந்தகத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.9, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 66, எம்சிஎச் (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் அளவு) 19.8, சிவப்பணு எண்ணிக்கை 5.5. மூன்று மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். இது தாலசீமியாவா? என்ன பரிசோதனை கேட்க வேண்டும்?

பதில்:

உங்கள் மனைவி தாலசீமியா (ஹீமோகுளோபினின் புரதம் போதுமான அளவு உருவாகாத பரம்பரைக் குறை) மரபைச் சுமப்பவராக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் "தாலசீமியாவா, இரும்புக் குறைவா" என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியாக இதைப் பார்க்காதீர்கள். ஒரே பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். மாதவிடாய் அதிகமுள்ளவர்களிடம் அது சாதாரணம். பரிசோதனைகள் குழம்பிப் போவது பெரும்பாலும் அந்த நிலையில்தான்.

நீங்கள் கொடுத்த எண்களில் முக்கியமானது சிவப்பணு எண்ணிக்கை 5.5. இரும்பு இல்லாதபோது எலும்பு மஜ்ஜைக்கு மூலப்பொருளே குறைகிறது. அணுக்கள் சிறுத்தும் போகும், எண்ணிக்கையிலும் குறையும். தாலசீமியா மரபில் இரும்பு போதுமான அளவு இருக்கிறது, ஹீமோகுளோபினில் உள்ள குளோபின் புரதச் சங்கிலிதான் (ஆல்ஃபா, பீட்டா என இரு வகை) போதாது. அதனால் சிறிய அணுக்கள் ஏராளமாக வருகின்றன. எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கும் மென்ட்சர் கணக்கு 1973லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. விடை 13க்கு மேல் என்றால் இரும்புக் குறைவின் பக்கம், 13க்குக் கீழே என்றால் தாலசீமியாவின் பக்கம். 66ஐ 5.5ஆல் வகுத்தால் 12. இது திசை காட்டும், அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்திருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துப் போகலாம்.

முதலில் ஃபெரிட்டின், அதாவது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம், பாருங்கள். இதைப் பார்க்காமலே மாதக்கணக்கில் இரும்பு கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு உறுதி; 30க்குக் கீழே இருந்தாலே பெரும்பாலான மருத்துவர்கள் குறைவு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு சிக்கல் உண்டு: காய்ச்சல், சளி, மூட்டு அழற்சி, கல்லீரல் கொழுப்பு ஆகியவை ஃபெரிட்டினை உயர்த்திக் காட்டும். அழற்சி இருக்கும்போது 70 வரைகூட இரும்புக் குறைவாக இருக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஆகவே காய்ச்சல் முடிந்து சில வாரம் கழித்து ரத்தம் கொடுப்பது நல்லது. அவசரம் என்றால் அழற்சியைக் காட்டும் சிஆர்பியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சீரம் இரும்பை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காலையில் மாத்திரை போட்டாலே அது ஏறிவிடும்.

ஃபெரிட்டின் குறைவாக வந்தால், மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்க வேண்டும். மாத்திரை எது என்று பாருங்கள்: ஃபெரஸ் ஃப்யூமரேட் 200 மில்லிகிராமில் உண்மையான இரும்பு 65 மில்லிகிராம், ஃபெரஸ் குளுக்கோனேட் 300 மில்லிகிராமில் 35தான். அட்டையில் பெரிதாக இருக்கும் எண் இரும்பின் அளவல்ல. அடுத்தது, எதனுடன் சாப்பிடுகிறார்? காலை உணவுக்குப் பின் ஒரு தே தாரிக் (பால் தேநீர்), அதோடு மாத்திரை என்றால் தேயிலையும் பாலும் சேர்ந்து இரும்பைத் தடுத்துவிடும். காப்பியும் அப்படியே. இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு, வெறும் வயிற்றில், தண்ணீரோ ஆரஞ்சுச் சாறோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஓமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரையும் கால்சியமும் இரும்பு சேர்வதைக் குறைக்கும். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாம். ஒரு வேளை இரும்பு சாப்பிட்டதும் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் அடுத்த ஒரு நாள் குடலின் கதவை மூடிவிடுகிறது என்பது ஸ்விட்சர்லாந்து ஆய்வுகளில் அளந்து பார்க்கப்பட்டது. சரியாகச் சாப்பிட்டால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறினால், இயல்பு நிலை வந்த பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். ஃபெரிட்டின் நன்றாக இருந்தால் இரும்பை நிறுத்திவிடுங்கள். தாலசீமியா மரபுக்கு இரும்பு மருந்தே அல்ல.

சைவ உணவுக்காரர் என்றால் பி12ஐயும் பாருங்கள். பி12 குறைவு அணுவைப் பெரிதாக்கும், இரும்புக் குறைவு சிறிதாக்கும். இரண்டும் சேர்ந்தால் எம்சிவி இயல்பாகத் தெரியும். அணுக்களின் அளவு வேறுபாட்டைக் காட்டும் ஆர்டிடபிள்யூ மட்டும் உயர்ந்து நின்று காட்டிக்கொடுக்கும்.  

அடுத்தது ஹீமோகுளோபின் பகுப்பாய்வு: ரத்தத்தில் எந்த வகை ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்ப்பது. ஆய்வகம் இதை எச்பிஎல்சி முறையிலோ கேபிலரி எலக்ட்ரோஃபோரெசிஸ் முறையிலோ செய்யும். சிறிதளவே இருக்கும் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தாலசீமியா மரபு. வழக்கமாக 4 முதல் 6 வரை வரும். இங்கே தடுமாற்றம் வரும் இடங்கள் சில உண்டு. கடுமையான இரும்புக் குறைவு ஏ2வைச் சிறிது இறக்கிவிடும், 3.2, 3.3 என்று எல்லையில் நின்றால் இரும்பைச் சரிசெய்துவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். அதற்குக் காலம் இல்லையென்றால் நேரே மரபணுப் பரிசோதனைக்குப் போகலாம். பி12 குறைவு ஏ2வை உயர்த்தும். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் முடிவை நம்ப முடியாது, மூன்று, நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். எச்பிஎல்சியில் ஏ2 இடத்தில் 25, 30 சதவீதம் என்று வந்தால் அது ஏ2 அல்ல, ஹீமோகுளோபின் இ என்ற மாறுபட்ட வகை. அது தென்கிழக்காசியாவில் பரவலானது. அதை மட்டும் சுமப்பவருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் பீட்டா தாலசீமியா மரபுள்ளவரோடு சேர்ந்து குழந்தைக்கு இரண்டும் போனால், கடுமையான நோயாகலாம்.

பெரும்பாலான குடும்பங்கள் தவறவிடுவது இதற்குப் பிறகு வருவது. ஏ2 இயல்பு, ஃபெரிட்டினும் இயல்பு, எம்சிவி மட்டும் குறைவு என்றால் "ஒன்றுமில்லை" என்று எழுந்து வந்துவிடக் கூடாது. ஆல்ஃபா தாலசீமியா மரபில் ஏ2 உயராது. அதை உறுதிப்படுத்த மரபணுப் பரிசோதனை வேண்டும். இந்தியர்களிடம் பெரும்பாலும் ஒரே ஒரு ஆல்ஃபா மரபணு விடுபட்ட வகை, அது லேசானது. தென்கிழக்காசிய வகையில் ஒரே குரோமோசோமில் உள்ள இரண்டு ஆல்ஃபா மரபணுக்களும் சேர்ந்து போய்விடுகின்றன. பெற்றோர் இருவருக்கும் அந்த வகை இருந்தால், நான்கில் ஒரு கருவுக்கு ஆல்ஃபா மரபணுவே இருக்காது. உடல் முழுதும் நீர்கோத்து வயிற்றிலேயே அல்லது பிறந்தவுடன் இறக்கும் ஆபத்து அதில் உண்டு. சீன, மலாய்க் குடும்பங்களோடு மணஉறவு இருக்கும் சிங்கப்பூரில் "நாம் இந்தியர், நமக்கு வராது" என்ற கணக்கு நிற்காது.

இனி உங்களைப் பற்றி. அவருடைய முடிவுக்குக் காத்திருக்காமல் நீங்களும் அதே வாரத்தில் முழு ரத்த எண்ணிக்கை கொடுங்கள். உங்கள் எம்சிஎச் 27க்கு மேல், எம்சிவி 80க்கு மேல் என்றால் கடுமையான நோய் குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் பகுப்பாய்வையும் செய்துவிடுங்கள். ஹீமோகுளோபின் இ சுமப்பவரின் எம்சிவி 80ஐ ஒட்டியும் இருக்கும். உங்கள் எண்களும் குறைவு என்றால் இருவருக்கும் முழுப் பரிசோதனை வேண்டும். ஒரே வகை மரபு இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. முதல் குழந்தை நலமாகப் பிறந்தது அடுத்ததற்கு உத்தரவாதம் அல்ல. நீங்கள் அத்தை மகன், மாமன் மகள் உறவு என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பேர் ஏதோ ஒரு தாலசீமியா மரபைச் சுமக்கிறார்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் 1992 முதல் தேசியத் தாலசீமியா பதிவகம் இயங்குகிறது. மரபு உறுதியானவர்களின் உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்கும் ஏற்பாடு அங்கே உண்டு. பலதுறை மருந்தகத்தில் "திருமணமாகிவிட்டது, குழந்தைக்குத் திட்டமிருக்கிறது, தாலசீமியா பரிசோதனை வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். "ரத்தசோகை" என்று மட்டும் சொன்னால் மறுபடியும் மாத்திரைதான் கிடைக்கும்.

இதற்குள் கர்ப்பம் உண்டாகிவிட்டால் இரும்பு ஏறட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. இருவரும் ஒரே நாளில் ரத்தம் கொடுத்து, மரபணுப் பரிசோதனையையும் உடனே கேளுங்கள். கருவைப் பரிசோதிக்க நஞ்சுக்கொடித் திசு எடுப்பது 11 முதல் 14 வாரத்துக்குள், பனிக்குட நீர் எடுப்பது 15 வாரத்துக்குப் பிறகு; பெற்றோரின் மரபணு வகை கையில் இருந்தால்தான் ஆய்வகத்துக்குக் கருவில் எதைத் தேடுவது என்று தெரியும்.