ஏ9 வீதியில் வன்னியைக் கடக்கும்போது வண்டியை எங்கே நிறுத்தலாம்?

"ஜூலையில் பிள்ளைகளுடன் வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வான் வண்டியில் போகிறோம். கோயில், கடற்கரை வேண்டாம். வழியில் விசித்திரமாக ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. ஆனால் முதலில் ஒரு கோயிலைத்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேண்டாமென்றாலும் உங்கள் சாரதி முறிகண்டியில் நிறுத்தத்தான் போகிறார்.

மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் வீதியை ஒட்டி இருக்கும் சின்னஞ்சிறு பிள்ளையார் கோயில் அது. பெரிய கோபுரம் தேடினால் ஏமாந்துபோவீர்கள். விசித்திரமெல்லாம் வீதியில்தான். கொழும்பு சொகுசு பஸ், மணல் ஏற்றிய டிப்பர், உழவு இயந்திரம் என்று வருவதெல்லாம் ஓரங்கட்டும். சாரதி இறங்குவார், தேங்காய் உடைப்பார், திருநீறு பூசிக்கொண்டு ஏறுவார். நிறுத்தாமல் போனால் வழியில் ஏதாவது தடங்கல் வரும் என்பது நம்பிக்கை. என் சின்ன மாமா லொறி ஓட்டியவர். கடவுள் பேச்சை எடுத்தாலே சிரிப்பார். அவரும் முறிகண்டியில் இறங்காமல் போனதில்லை. கேட்டால், "எனக்கு நம்பிக்கை இல்லை, லொறிக்கு இருக்கிறது" என்பார்.

கும்பிட்ட கையோடு கச்சான், அதாவது நிலக்கடலை, வாங்க வேண்டும். முறிகண்டிக் கச்சான் இல்லாமல் யாழ்ப்பாணத்து வீட்டுப் படியேறினால், "வெறுங்கையோடா வந்தீர்கள்?" என்ற கேள்வி வரும். வரிசையாக இருக்கும் கடைகளில் எது நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கச்சான் ஆச்சி உண்டு. வாங்குமுன் நாலு கொட்டை உடைத்துப் பார்ப்பது அங்கே குற்றமில்லை.

முறிகண்டிக்கு முன்பே, நேரம் இருந்தால், மாங்குளம் சந்தியில் வலப்பக்கம் திரும்புங்கள். முல்லைத்தீவு வீதியில் ஏறத்தாழப் பாதித் தூரத்தில் ஒட்டுசுட்டான். பெயரே ஒரு கதை. அறுவடை முடிந்த வயலில் ஒட்டை, அதாவது அறுத்த தாளின் அடிக்கட்டையை, சுட்டபோது ஓரிடம் மட்டும் எரியாமல் நின்றதாம். அங்கேதான் தான்தோன்றீஸ்வரர் வெளிப்பட்டார் என்பார்கள்.

ஆனால் நான் உங்களைத் திரும்பச் சொன்னது அதை அடுத்திருக்கும் கற்சிலைமடுவுக்காக. அங்கே ஒரு கல். ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க், வன்னியின் தலைவன் பண்டார வன்னியனை 1803 ஒக்டோபர் 31 அன்று இங்கே தோற்கடித்தார் என்று அதில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. பாருங்கள், இது வென்றவர்களின் பெருமையைச் சொல்லும் கல். அதே ஆண்டு ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையிலிருந்து வெள்ளைக்காரரைத் துரத்தியவர் வன்னியன். அதற்குப் பதிலடி கொடுத்த மகிழ்ச்சி அந்த எழுத்தில் தெரிகிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள். கப்டனின் பெயரைச் சரியாகச் சொல்ல ஒருவருக்கும் வராது. தோற்றவருக்குத்தான் மாலையும் மரியாதையும். வவுனியா நகரில் அவருக்குச் சிலையே இருக்கிறது. கப்டனுக்குக் கிடைத்தது இந்த ஒரு கல்தான், அதையும் நாங்கள் வன்னியனின் கல்லாக ஆக்கிவிட்டோம். பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடும். எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

அதே வீதியால் இன்னும் கிழக்கே போனால் வற்றாப்பளை. அங்கே கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கடல் நீரில் விளக்கெரிப்பார்கள். பொங்கல் வைகாசியில், ஆகவே நீங்கள் வரும்போது முடிந்திருக்கும்.

திரும்ப ஏ9. கிளிநொச்சியில் போரில் சாய்க்கப்பட்ட பெரிய தண்ணீர்த் தாங்கி பல வருடங்கள் அப்படியே காட்சிக்குக் கிடந்தது. பக்கத்தில் நினைவுப் பொருள் கடைகூட வைத்திருந்தார்கள். அதன் முன்னால் நின்று படமெடுக்க பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். எங்களுக்கு அது குடிதண்ணீர் வந்த தாங்கி. நான் ஒருநாளும் அங்கே வண்டியை நிறுத்தியதில்லை. ஆனையிறவில் 1991 சண்டையில் புலிகள் ஓட்டிவந்த கவச புல்டோசரும் வீதியோரம் இருக்கிறது. இறங்குவதும் இறங்காததும் உங்கள் விருப்பம். நானென்றால் அந்த நேரத்தை உப்பளத்துக்குக் கொடுப்பேன். இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீருக்கு நடுவே வீதி, காலமும் சரியாக அமைந்தால் வெள்ளைக் குவியல்கள். யானைகள் இறங்கிக் கடந்த இடமாதலால் ஆனையிறவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், யானையைத் தேடிக்கொண்டே பளை வரை சத்தமில்லாமல் வருவார்கள். பளையில் காற்றாலைகள் அவர்களைப் பார்த்துக்கொள்ளும்.

ஜூலை என்றதால் கடைசியாக ஒன்று. அது பாலைப்பழக் காலம். காட்டில் பறித்த மஞ்சள் பழங்களை வவுனியாப் பக்கம் வீதியோரம் வைத்து விற்பார்கள். கண்டவுடன் நிறுத்துங்கள், மறுநாள் இருக்காது. தேன் மாதிரி இனிக்கும், ஆனால் பால் உதட்டில் பசை போல ஒட்டும். வண்டியில் தேங்காய் எண்ணெய் ஒரு சின்னப் போத்தல் இருக்கட்டும், உதட்டில் தடவினால் விட்டுவிடும். வாய் ஓயாத பிள்ளை யாராவது இருந்தால் எண்ணெயைக் கொஞ்சம் தாமதமாக எடுங்கள்.