ஐந்தாம் மாதம் ஆகியும் சிகரெட்டை விட முடியவில்லை. திடீரென்று நிறுத்தினால் குழந்தைக்கு ஆபத்தா? டாக்டரிடம் சொல்லலாமா?

சிகரெட்டைத் திடீரென்று நிறுத்தினால் பிள்ளைக்கு ஆபத்து என்று உங்கள் தோழி சொன்னது தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஒரு பேச்சை நம்பியே பலர் பேறுகாலம் வரை இழுத்துக்கொண்டு போகிறார்கள். எந்த மாதத்தில் நிறுத்தினாலும், எவ்வளவு சட்டென்று நிறுத்தினாலும், புகையிலையை விட்டதால் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் வராது. எரிச்சல், தலைவலி, தூக்கம் வராமல் புரள்வது, மலச்சிக்கல், எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கத் தோன்றுவது எல்லாம் வரும். அது உங்களுக்கு வரும், பிள்ளைக்கு இல்லை. (குடிப்பழக்கம் வேறு கதை. தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், அதை டாக்டர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். தோழி அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருப்பார்.)

நான் கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கர்ப்பிணியைப் பதிவு செய்வதிலிருந்து பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டு முடிப்பது வரை எங்கள் பொறுப்பு. உங்களைப் போலப் பெங்களூரில் வேலைக்குப் போய் சிகரெட் பழகி, மாமியார் வீட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டு முழிப்பவர்களைக் கொஞ்சம் பேரைத்தான் பார்த்திருக்கிறேன். முறுக்கான், அதாவது புகையிலை வைத்த வெற்றிலை, போடும் கர்ப்பிணிகளைத்தான் நிறையப் பார்த்தேன். அண்டியாபீசில் (முந்திரி ஆலையில்) கொட்டை உடைக்கும் பெண்களுக்குத் தோட்டெண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். அந்த விரலாலேயே வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி, பாக்கும் ஒரு துண்டு புகையிலையும் வைத்து மடித்துக் கடைவாயில் அடக்கிவிட்டால் மத்தியானச் சாப்பாடு வரை பசி தெரியாது, பல்வலி தெரியாது, கால் மரத்துப்போவதும் தெரியாது. ஏழாம் மாதத்திலும் அப்படித்தான் வேலை நடக்கும்.

அவர்களிடம் “புகையிலை போடுவியா?” என்று கேட்டால் பதில் ஒன்றே ஒன்றுதான்: “இல்ல சிஸ்டர், எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் கெடயாது.” பல்லைப் பார்த்தாலே தெரியும். அதனால் கேள்வியை மாற்றிக் கேட்பேன்: “ஒரு நாளைக்கு எத்தன தடவ முறுக்கான் போடுவ மக்களே?” உடனே விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். திட்டப் போவதில்லை என்று தெரிந்தால் போதும், உண்மை தானாக வரும்.

அதனால்தான் உங்கள் கேள்வியின் கடைசி வரியில் நின்றுவிட்டேன்: டாக்டரிடம் சொல்லப் பயம். எனக்கு சிகரெட்டைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. நம் மாவட்டத்தில் ஒரு பெண் கடையில் சிகரெட் வாங்கினால் அவள் வீடு போய்ச் சேரும் முன்னே செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே குளியலறை, மொட்டை மாடி, கதவைச் சாத்திய அறை. யாராவது வந்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில் வேக வேகமாக, ஆழமாக இழுப்பீர்கள். பத்திலிருந்து மூன்றாகக் குறைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். குறைத்தது நல்ல காரியம்தான், ஆனால் பிள்ளைக்குப் போகும் நஞ்சும் அதே கணக்கில் குறைந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். எண்ணிக்கையைக் குறைக்கும்போது ஒவ்வொன்றையும் கடைசி வரை உறிஞ்சுவது பலருக்கும் நடக்கிறது. ‘லைட்’ சிகரெட்டுக்கு மாறுவதும் இதே ஏமாற்றுதான்.

அந்த மூன்றுக்குக் கீழே இறங்க முடியவில்லை என்று உங்களையே நொந்துகொள்கிறீர்கள். அதற்கு உடம்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் ஈரல், புகையிலையில் இருக்கும் நிகோடினை வழக்கத்தைவிட வேகமாக உடைத்து வெளியேற்றுகிறது. இரத்தத்தில் அது சீக்கிரம் இறங்குவதால் அடுத்ததற்கான ஏக்கமும் சீக்கிரம் வருகிறது. “முன்னெல்லாம் காலையில் ஒண்ணு குடிச்சா மத்தியானம் வரை தாங்கும், இப்ப தாங்கல” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பிள்ளை மேல் பாசம் இல்லாததால் விடாமல் இருக்கிறாள் என்று பேசும் உறவுக்காரர்களுக்கு இது தெரியாது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? எங்கள் வேலையில் பாதி நேரம் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஏற்றுவதிலேயே போகும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, அதை அவர்கள் விழுங்குகிறார்களா ஜன்னல் வழியாக எறிகிறார்களா என்று பார்த்து, முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்லி, அரைப் புள்ளி ஏறினால் அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா. அப்படி ஏற்றிய ஹீமோகுளோபினில்தான் சிகரெட் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு போய் ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும், சீக்கிரம் விடாது. கூடவே நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தமும் குறைகிறது. குறைப்பிரசவம், பிரசவத்துக்கு முன்பே நஞ்சுக்கொடி கழன்று இரத்தப்போக்கு ஏற்படுவது, பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோவது ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. எடை சராசரியாக 200 கிராம் அளவுக்குக் குறைகிறது. 200 கிராம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். 2 கிலோ 600 கிராம் இருக்க வேண்டிய பிள்ளை 2 கிலோ 400 கிராமில் பிறந்தால் எடை குறைந்த பிள்ளைகளின் கணக்கில் வந்துவிடும். உடம்புச் சூடு நிற்காது, பால் இழுக்கத் திணறும், சளி பிடித்தால் விடாது. “பிள்ள சின்னதா இருந்தா பேறு லேசா முடியும்” என்று சொல்கிற பாட்டிமார் எங்கள் பக்கம் நிறைய. எடை குறைந்த பிள்ளையை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பது யார் என்று அவர்களிடம் கேட்க வேண்டும்.

ஐந்து மாதம் போய்விட்டதே, இனி விட்டு என்ன பயன் என்று நினைக்காதீர்கள். முதல் நான்கு மாதத்துக்குள் விட்டிருந்தால் இன்னும் நல்லது, அது உண்மைதான். ஆனால் பிள்ளை எடை வைப்பது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில். அது உங்களுக்கு இன்னும் முழுதாக இருக்கிறது. கடைசி சிகரெட்டுக்குப் பிறகு ஓரிரு நாளில் கார்பன் மோனாக்சைடு இரத்தத்திலிருந்து போய்விடும்.

இனி டாக்டரிடம் சொல்வது. மாமியார் கூடவே வருவார், அறைக்குள்ளும் உட்காருவார், அவர் முன்னால் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எடை பார்க்க, இரத்த அழுத்தம் பார்க்க, சிறுநீர் சோதனைக்கு என்று உங்களை மட்டும் தனியாகக் கூப்பிடும் நேரம் ஒவ்வொரு முறையும் உண்டு. அப்போது செவிலியரிடம் சொல்லுங்கள்: “எனக்கு சிகரெட் பழக்கம் இருக்கு, விடணும், வீட்டுல தெரியாது, டாக்டர்ட்ட தனியா பேசணும்.” வாய் வரவில்லை என்றால் இதையே ஒரு துண்டுத் தாளில் எழுதி உங்கள் கர்ப்பிணி அட்டைக்குள் வைத்துக் கொடுங்கள். கூட வந்தவரை “கொஞ்சம் வெளிய இருங்கம்மா” என்று அனுப்புவது எங்களுக்கு அன்றாட வேலை. யாராவது ஒருவர் முகம் சுளித்தால்? சுளிப்பார்கள், நம் ஆட்களைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். அப்படி நடந்தால் வேறு டாக்டரிடம் போங்கள். அதற்காகச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் இது தெரிந்தால்தான் பிள்ளையின் வளர்ச்சியை ஸ்கேனில் கூடுதல் கவனத்துடன் பார்ப்பார்கள்.

மருந்து விஷயத்தில் மட்டும் நீங்களாக எதுவும் செய்யக் கூடாது. நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும், அதனால் கை நீளும். கர்ப்ப காலத்தில் அது தேவையா, எவ்வளவு என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பேச்சும் ஆலோசனையும் பலிக்காதபோது, புகைப்பதைவிட இது மேல் என்று கணக்குப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். புகைப்பதை நிறுத்த உதவும் புப்ரோபியான், வரெனிக்லின் போன்ற மாத்திரைகளைக் கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. இ-சிகரெட் இந்தியாவில் 2019-லேயே தடை செய்யப்பட்டது, அதிலும் நிகோடின்தான். மூலிகை சிகரெட் என்று விற்பதும் எரிந்தால் கார்பன் மோனாக்சைடுதான் தரும். இன்னொன்று, இங்கே அடிக்கடி பார்த்தது: சிகரெட்டை விட்டுவிட்டு, பெரியவர்களே போடுகிறார்களே என்று வெற்றிலைக்கு மாறுவது. புகையிலையை மென்றாலும் நிகோடின் பிள்ளைக்குப் போகும், எடை குறையும். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் வேண்டாம், அதுவே புற்றுநோய் உண்டாக்கக் கூடியது.

சிகரெட் பெட்டியிலேயே 1800-11-2356 என்று ஒரு எண் அச்சடித்திருக்கும். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண், காசு கிடையாது. முகம் தெரியாத ஒருவரிடம் முதலில் சொல்லிப் பழக இது நல்ல வழி.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு பெண் இருந்தாள், உங்கள் நிலைமைதான். அவளுக்கு சாயங்காலச் சாயாதான் வில்லன். சாயா குடித்ததும் காய்ந்த துணி எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போய்விடுவாள். ஏக்கம் வந்தால் சில நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும், அந்த நேரத்தில் கையும் வாயும் சும்மா இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அவள் சாயாவை எடுத்துக்கொண்டு நேரே அடுக்களைக்குப் போய், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து ராத்திரிக் குழம்புக்குத் தேங்காய் துருவ ஆரம்பித்தாள். வாயில் ஒரு கிராம்பு, இல்லையென்றால் உப்புப் போட்ட நெல்லிக்காய்த் துண்டு. மருமகளுக்குத் திடீரென்று வீட்டு வேலையில் அக்கறை வந்துவிட்டது என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை, எல்லாம் மசக்கை என்று நினைத்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போன அன்று திரும்பவும் பிடித்துவிட்டாள். மறுநாள் என்னிடம் வந்து, எல்லாம் போச்சு என்று அழுதாள். ஒன்றும் போகவில்லை, நேற்று ஒன்று, இன்றைக்கு இல்லை, அவ்வளவுதான் என்றேன். ஏழாம் மாதம் தொடங்கும் முன் நின்றுவிட்டது.

உங்கள் கணவரும் சிகரெட் குடிப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அது ஒரு வரி விஷயம் இல்லை. தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அவர்கள் கடலில் இருக்கும்போது முறுக்கானை விட்டுவிட்ட பெண்கள், படகு வந்து வீட்டில் பீடி நாற்றமும் புகையிலைப் பொட்டலமும் வந்ததும் மறுபடி தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். அவர் வெளியே போய்க் குடித்தாலும் பெட்டி சட்டைப் பையில் இருக்கும் வரை உங்கள் கை அங்கே போகும். அவர் புகையும் பிள்ளைக்குப் போகும். வீட்டில் யாரிடமாவது சொல்லத்தான் வேண்டும் என்றால் முதலில் அவரிடம் சொல்லுங்கள், இரண்டு பேரும் ஒரே நாளில் நிறுத்துங்கள். தான் விட மாட்டேன், நீ மட்டும் விடு என்று சொல்கிற ஆண்களிடம் நான் மரியாதையாகப் பேசியதே இல்லை.

பிள்ளை பிறந்த பிறகுதான் பலர் வழுக்குகிறார்கள். ஒன்பது மாதம் பொறுத்தாயிற்று, இனி என்ன என்ற நினைப்பு, கூடவே ராத்திரித் தூக்கமில்லாமை. தாய்ப்பாலிலும் நிகோடின் இறங்கும். அதற்காகப் பால் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், ஒருவேளை புகைத்துவிட்டாலும் தாய்ப்பால்தான் மேல். புகைப்பவர் பிள்ளையோடு ஒரே படுக்கையில் படுக்கக் கூடாது, தூக்கத்திலேயே பிள்ளை இறந்துபோகும் அபாயம் அதில் கூடுகிறது. ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும்போது செவிலியர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். மறுபடி தொடங்கியிருந்தாலும் சொல்லுங்கள், அடியோடு விட்டிருந்தாலும் சொல்லுங்கள். நல்ல சேதி எங்கள் காதுக்கும் வரட்டுமே.