“நம்ம டீம் ஏமாத்திதான் ஜெயிச்சுதா, அப்பா?”

கேள்வி: ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் சுகர் லேண்டில் வெகுநாளாக இருக்கிறோம். கிரிக்கெட் பைத்தியமாக இருந்த நான் இங்கே வந்து ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணியின் ரசிகனாகிவிட்டேன். ஹார்வி புயல் எங்கள் ஊரை மூழ்கடித்த 2017-ல்தான் அவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸைத் தோற்கடித்து முதல்முறையாக உலகத் தொடரை, அதாவது பேஸ்பாலின் இறுதித் தொடரை, வென்றார்கள். அந்த வெற்றி எங்களுக்குப் பெரிய ஆறுதல். என் மனைவியின் தம்பி லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறான், டாட்ஜர்ஸ் வெறியன். இங்கே வரும்போதெல்லாம் சாப்பிட உட்கார்ந்ததும் கரண்டியால் தட்டை ‘டங் டங்’ என்று தட்டுவான். சைகை திருடிய விவகாரத்தைக் குத்திக் காட்டுகிறானாம். ஆரம்பத்தில் சிரித்தோம். லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் ஆடும் என் 12 வயது மகன் இப்போது ஆஸ்ட்ரோஸ் ஆட்டக்காரர் ஆல்டுவேயின் ஜெர்சியைப் போடுவதில்லை. “நம்ம டீம் ஏமாத்திதான் ஜெயிச்சுதா, அப்பா?” என்று கேட்டான். “எல்லா டீமும் செய்யறதுதான், இவங்க மாட்டிக்கிட்டாங்க” என்றேன். அதற்கப்புறம் அவன் என்னிடம் பேஸ்பால் பேசுவதே இல்லை. மச்சானோடும் பேச்சு குறைந்துவிட்டது. சைகையைக் கண்ணால் பார்த்துச் சொல்வதை விதியே அனுமதிக்கிறது. அதையே கேமரா வைத்துப் பார்த்தால் மட்டும் எப்படிக் குற்றமாகும்? மகனுக்கு நான் என்ன பதில் சொல்வது?
– பெயர் வேண்டாம், சுகர் லேண்ட், டெக்சஸ்

பதில்: சுகர் லேண்ட் நண்பரே, உங்கள் மகனுக்கான பதில் சின்னதுதான். ஏமாற்றினார்கள், ஜெயிக்கவும் செய்தார்கள். ஏமாற்றியதால்தான் ஜெயித்தார்களா என்பது தனிக் கேள்வி, அதற்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னால் 12 வயதுப் பையனுக்கு நன்றாகவே புரியும். “எல்லாரும் செய்யறதுதான்” என்ற பதில்தான் அவனுக்குப் புரிந்திருக்காது. வீட்டுப்பாடத்தைக் காப்பியடித்துவிட்டு அவன் அதையே சொன்னால் நீங்கள் விடுவீர்களா?

பேஸ்பால் பழக்கமில்லாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பேட்டருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர், தொடைகளுக்கு நடுவே விரல்களைக் காட்டி அடுத்த பந்து எது என்று பந்து எறியும் பிட்சருக்குச் சொல்வார். நேராக வரும் வேகப்பந்தா, வளைந்து இறங்கும் பந்தா, வேகப்பந்து மாதிரி கிளம்பி மெதுவாக வந்து சேரும் சேஞ்சப்பா என்பது பேட்டருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் ஆட்டமே மாறிப்போகும். பந்து கையைவிட்டு வந்து சேர அரை விநாடிகூட ஆகாது. அதற்குள் அது என்னவென்று கண்டுபிடிப்பதில்தான் பேட்டரின் பாதித் திறமை இருக்கிறது.

ரன் எடுக்க ஓடும் வழியில், பிட்சருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது பேஸில் நிற்கும் பேட்டரின் அணிக்காரர் கண்ணுக்குக் கேட்சரின் விரல்கள் தெரியும். அவர் அதைப் படித்து, தலையைச் சொறிந்தோ காலை மாற்றி வைத்தோ பேட்டருக்குச் சேதி சொன்னால் தப்பே இல்லை. ஏனென்றால் அவர் அங்கே நிற்பது கேட்சருக்கும் தெரியும். உடனே நாலைந்து சைகைகளைக் கலந்துகட்டிக் காட்டி அவரைக் குழப்பிவிடலாம். பூட்டும் சாவியும் மைதானத்துக்குள்ளேயே இருக்கிற விளையாட்டு அது.

2017-ல் ஆஸ்ட்ரோஸ் செய்தது வேறு வகை. மைய மைதானத்தில் இருந்த கேமரா கேட்சரையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் படம் டக்அவுட்டுக்குப் பின்னால் இருந்த நடைவழியில், ஒரு திரையில் ஓடியது. அங்கே நின்றவர்கள் சைகையைப் படித்து, வளைபந்தோ சேஞ்சப்போ வரப்போகிறது என்றால் பக்கத்தில் இருந்த குப்பைத்தொட்டியை மட்டையால் தட்டினார்கள். சத்தம் வராவிட்டால் வேகப்பந்து என்று அர்த்தம். பேஸில் யாருமே இல்லை, நம்மை யாரும் பார்க்கவில்லை என்று கேட்சர் நம்பிக்கொண்டிருப்பார். அவர் காத்துக்கொள்ள வழியே இல்லை. அஷ்வினின் விரலைப் பார்த்து இது கேரம் பால் என்று ஒரு பேட்ஸ்மேன் கண்டுபிடித்தால் நாம் கைதட்டுவோம். பெவிலியனுக்குள் ஒருவர் உட்கார்ந்து டிவியில் குளோசப் பார்த்துவிட்டு அவருக்குச் சத்தம் கொடுத்தால்? ‘கேமரா வைத்தால் மட்டும்’ என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

தப்பு என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. 2017 செப்டம்பரில் சிகாகோ வைட் சாக்ஸ் பிட்சர் டேனி ஃபார்குவார் தான் சேஞ்சப் போடப்போகும் போதெல்லாம் ‘டம்’ என்று சத்தம் வருவதைக் கவனித்தார். கேட்சரைக் கூப்பிட்டுச் சைகையை மாற்றினார். ஆஸ்ட்ரோஸ் ஆட்களுக்கு உதறல் எடுத்துவிட்டது. ஆட்டம் முடிவதற்குள் அந்தத் திரையைச் சுவரிலிருந்து கழற்றி ஓர் அறையில் ஒளித்து வைத்தார்கள். இது பேஸ்பால் ஆணையர் ராப் மேன்ஃப்ரெடின் விசாரணை அறிக்கையிலேயே இருக்கிறது. உங்கள் மகனிடம் வேறு எதையும் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லுங்கள். சரியான காரியம் என்றால் எதற்கு ஒளிப்பது?

அடுத்து, உங்கள் ‘எல்லா டீமும்’ வாதம். வரலாறு உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1900-ல் ஃபிலடெல்ஃபியா அணி தொலைநோக்கி வைத்துச் சைகையைப் பார்த்து, மண்ணுக்கடியில் கம்பி இழுத்து, மூன்றாம் பேஸ் பயிற்சியாளரின் காலடியில் அதிர்வு வரும்படி செய்திருந்தது. சின்சினாட்டி ஆட்டக்காரர் ஒருவர் ஷூ ஆணியால் மண்ணைக் கிளறியபோது குட்டு வெளிப்பட்டது. 2017-லேயே பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஆப்பிள் வாட்ச் மூலம் சேதி அனுப்பி அபராதம் கட்டியது. யாங்கீஸுக்கும் அப்போது ஒரு சிறிய அபராதம் உண்டு.

ஆனால் 1951-ஐ மட்டும் மச்சானிடம் எடுத்துவிடாதீர்கள். அந்த வருடம் நியூயார்க் ஜயண்ட்ஸ் தங்கள் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் தொலைநோக்கியும் மின்மணியும் வைத்துச் சைகை திருடியது. லீக் பட்டத்தைத் தீர்மானித்த கடைசி ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில் பாபி தாம்சன் அடித்த ஹோம் ரன் அமெரிக்க விளையாட்டு வரலாற்றிலேயே பேர்போன அடி. பந்து போட்டவர் ரால்ஃப் பிரான்கா. திருட்டு நடந்ததை அந்த அணி ஆட்டக்காரர்களே ஒப்புக்கொண்ட செய்தி 2001-ல்தான் விரிவாக வெளிவந்தது. அந்தப் பந்துக்குத் தனக்குச் சேதி வரவில்லை என்று தாம்சன் கடைசிவரை சொன்னார். சரி, அன்று தோற்ற அணி எது தெரியுமா? டாட்ஜர்ஸேதான், அப்போது புரூக்ளினில் இருந்தது. 66 வருட இடைவெளியில் இரண்டு முறை இப்படி அடி வாங்கிய அணியின் ரசிகனிடம் “எல்லாரும் செய்யறதுதான்” என்றால் அவன் தட்டையல்ல, அண்டாவையே தட்டுவான்.

இன்னொன்று. ரெட் சாக்ஸுக்கு அபராதம் போட்ட அதே செப்டம்பரில் மேன்ஃப்ரெட் எல்லா அணிகளுக்கும் எச்சரிக்கை அனுப்பினார். இனி மின்னணுக் கருவியை வைத்துச் சைகை திருடினால் பொது மேலாளரும் அணி மேலாளரும் பொறுப்பு என்று அதில் தெளிவாக இருந்தது. அதற்கப்புறமும், அந்த உலகத் தொடர் வரைக்கும், ஆஸ்ட்ரோஸ் தட்டுவதை நிறுத்தவில்லை. வழிவழியாக நடக்கிற குறும்பு என்று சொல்வதற்கு அதன்பிறகு இடமில்லை.

நீங்கள் கடிதத்தில் எழுதாவிட்டாலும் மனதில் ஒரு வாதம் வைத்திருப்பீர்கள். உலகத் தொடரில் ஆஸ்ட்ரோஸ் வென்ற நான்கு ஆட்டங்களில் இரண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் மைதானத்தில் நடந்தவை, ஏழாவது ஆட்டம் உட்பட. அங்கே இவர்களின் திரையும் இல்லை, தொட்டியும் இல்லை. அந்த வருட வழக்கமான சீசனிலும் இவர்கள் சொந்த மைதானத்தைவிட வெளியூரில்தான் அதிக ரன் எடுத்தார்கள். நியாயமான வாதம்தான், மறுக்கமாட்டேன். ஆனால் ஹூஸ்டனில் நடந்த ஐந்தாவது ஆட்டம் 13-12. டாட்ஜர்ஸின் கெர்ஷா போன்ற ஒரு பிட்சர் நான்கு ரன் முன்னிலையைக் கோட்டைவிட்ட ஆட்டம் அது. ஒரே ஒரு ரன் வித்தியாசம். டாட்ஜர்ஸ் ரசிகன் அதை நினைத்துத் தூக்கம் கெட்டால் அவனைக் குறை சொல்ல முடியுமா?

எனக்கு இந்த விவகாரத்தில் கோப்பையைவிட மைக் போல்சிங்கர் என்ற பிட்சர்தான் உறுத்துகிறார். டொராண்டோ அணிக்காரர். 2017 ஆகஸ்ட் 4 அன்று ஹூஸ்டனில் பந்து போட வந்தார். ஒரே ஒருவரைத்தான் அவுட்டாக்க முடிந்தது, அதற்குள் நான்கு ரன் போய்விட்டது. உடனே கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டவர், பெரிய லீக்கில் மறுபடி ஒரு பந்துகூடப் போடவில்லை. பின்னாளில் ஓர் ஆஸ்ட்ரோஸ் ரசிகர் – ஆமாம், உங்களைப் போன்ற ரசிகர்தான் – அந்த சீசனின் 58 உள்ளூர் ஆட்டங்களின் காணொளிகளை உட்கார்ந்து கேட்டு, 8,200-க்கும் மேற்பட்ட பந்துகளில் 1,143 முறை தொட்டிச் சத்தம் வந்ததாகக் கணக்கெடுத்து வெளியிட்டார். அதில் சத்தம் மிக அதிகமாகக் கேட்ட ஆட்டம் போல்சிங்கர் ஆடிய அந்த ஆட்டம்தான். அவர் பெரிய பிட்சராக வந்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அன்று என்ன நடந்தது என்று தெரியாமலே மூட்டை கட்டிக்கொண்டு போனார், அவ்வளவுதான்.

தண்டனை என்று பார்த்தால், 2020 ஜனவரியில் அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம். விதிப்படி அதற்கு மேல் போட முடியாது. இரண்டு வருடத்துக்கு, புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் இரண்டு சுற்றுத் தேர்வுகள் பறிபோயின. பொது மேலாளர் ஜெஃப் லூனோவுக்கும் மேலாளர் ஏ.ஜே. ஹின்ச்சுக்கும் ஒரு வருடத் தடை, அன்றைக்கே வேலையும் போயிற்று. ஆட்டக்காரர்களில் ஒருவருக்குக்கூடத் தடை இல்லை. உண்மையைச் சொன்னால் தண்டிக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் அவர்களிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். 2018-ல் கேப் டவுனில் பந்தை உப்புத்தாளால் தேய்த்ததற்கு ஸ்மித்தும் வார்னரும் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே என்ன நடந்தது? 2020-ல் டாட்ஜர்ஸின் ஜோ கெல்லி ஆத்திரத்தில் ஆஸ்ட்ரோஸ் பேட்டரின் தலைக்குப் பின்னால் பந்தை எறிந்தார். அவருக்கு எட்டு ஆட்டத் தடை, பிறகு ஐந்தாகக் குறைத்தார்கள். திருடியவர்களுக்குப் பூஜ்யம், எறிந்தவருக்கு ஐந்து. உங்கள் மச்சான் இன்னும் தட்டுவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அந்த ஹின்ச் ஒரு விசித்திரமான மனிதர். அவருக்கு இந்தத் தொட்டித் தாளம் பிடிக்கவில்லை. இரண்டு முறை அந்தத் திரையைச் சேதப்படுத்தினார். வேறு திரை வந்தது. அணியின் தலைவராக இருந்துகொண்டு “நிறுத்துங்கள்” என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். அணிக்குள் மூத்தவரான கார்லோஸ் பெல்ட்ரானும் உதவிப் பயிற்சியாளர் அலெக்ஸ் கோராவும் முன்னால் நின்று நடத்தியதை இளையவர்களால் தடுக்க முடியவில்லை என்கிறார்கள். மேலாளருக்கு என்ன தயக்கம்? திரையை உடைப்பதைவிட நாலு பேர் முன்னால் வாயைத் திறப்பது கஷ்டம் போலிருக்கிறது. தடை முடிந்ததும் அவருக்கு டெட்ராய்டில் மேலாளர் வேலை கிடைத்தது. கோராவையும் பாஸ்டன் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனால் 2019 நவம்பரில் தன் பெயரை மறைக்காமல் உண்மையை வெளியிட்ட முன்னாள் ஆஸ்ட்ரோஸ் பிட்சர் மைக் ஃபயர்ஸுக்குக் கிடைத்தது ‘காட்டிக்கொடுத்தவன்’ என்ற பட்டமும் கொலை மிரட்டல்களும். ஜெயித்த மோதிரம் கையில் இருக்கும்போது சொன்னார், அணியில் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே என்று குறை சொல்பவர்கள் உண்டு. சொல்லலாம்தான். ஆனாலும் அவர் ஒருவர்தான் சொன்னார்.

இனி ஜெர்சி விஷயம். போடு என்றும் சொல்லாதீர்கள், போடாதே என்றும் சொல்லாதீர்கள். ஆல்டுவே பற்றிய விவரத்தை மட்டும் மறைக்காமல் கொடுங்கள். அந்த ரசிகர் எடுத்த கணக்கில், வழக்கமாக ஆடியவர்களில் ஆல்டுவேக்குத்தான் மிகக் குறைந்த சத்தம். அவர் தொட்டிச் சத்தத்தைப் பயன்படுத்தவில்லை என்று சக ஆட்டக்காரர் கொரேயா வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் ஆல்டுவே அதைத் தடுக்கவும் இல்லை. இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் போட்டுக்கொண்டாலும் சரி, மடித்தே வைத்தாலும் சரி. 2022-ல் ஆஸ்ட்ரோஸ் மறுபடி உலகத் தொடரை வென்றதே, அதை அவன் தாராளமாகக் கொண்டாடலாம். அந்த வருடம் கேட்சர் மணிக்கட்டில் பட்டனை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும் பிட்ச்காம் கருவி வந்துவிட்டது. திருட விரல் சைகையே அவ்வளவாக மிச்சமில்லை.

மச்சானைத் தனியாகக் கூப்பிடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம். “2017 விஷயத்தில் நீ சொல்றது சரிதான்” என்று முதலில் சொல்லிவிடுங்கள். இத்தனை வருடமாக அவன் காத்திருந்தது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் என்று என் ஊகம். அப்புறம், என்னோடு எவ்வளவு வேண்டுமானாலும் மல்லுக்கட்டு, பையன் எதிரில் தட்டாதே என்று கேளுங்கள். அந்த வருடம் அவன் கைக்குழந்தைக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அவன் எதையும் திருடவில்லை. தாய்மாமன், சொன்னால் கேட்பான். கேட்காவிட்டால் அடுத்த முறை இலையில் பரிமாறுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மகன் லிட்டில் லீக் ஆடுகிறான் என்கிறீர்கள். பெரியவர்கள் ஆட்டத்தில் அனுமதிக்கப்பட்ட அந்த இரண்டாம் பேஸ் வேலைகூட அங்கே கிடையாது. சைகையைப் படித்து பேட்டருக்குக் கடத்துவது விளையாட்டுப் பண்புக்கு விரோதம் என்று சிறுவர்களுக்கான விதி சொல்கிறது. நடுவர் பார்த்தால் பையனோடு மேலாளரையும் வெளியே அனுப்பலாம். டிவியில் பார்த்ததை அவன் சனிக்கிழமை ஆட்டத்தில் செய்து பார்ப்பதற்குள் இதை அவனிடம் சொல்லிவிடுங்கள். பேஸ்பால் பேச்சை மறுபடி ஆரம்பிக்க உங்களுக்கும் ஒரு சாக்கு.