கான்டனீஸ் (ஹாங்காங்ல பேசுற சீன மொழி) மரபுத்தொடர்களை எப்படி புரிஞ்சுக்கிட்டு பேச்சுல யூஸ் பண்றது?

தனித்தனி வார்த்தைக்கு அர்த்தம் தேடினா ஒண்ணும் புரியாதுங்க, அந்த வார்த்தை காட்டுற காட்சியை மனசுல பிடிங்க. "சாவ் யாவ் யூ"ன்னா கணவாய் மீனை வதக்குறது, ஆனா ஹாங்காங்ல அதுக்கு வேலையை விட்டு தூக்குறதுன்னு அர்த்தம், ஏன்னா கணவாய் சட்டியில சூடு பட்டதும் பாய் மாதிரி சுருண்டுக்கும், அந்தக் காலத்துல கடையிலேயே தங்கி வேலை பார்த்தவங்களை அனுப்பிட்டா படுக்கையை சுருட்டிக்கிட்டு கிளம்பணும், அதான் கதைன்னு சொல்வாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். நீங்களே வேலையை விட்டா "முதலாளியோட கணவாயை வதக்கிட்டேன்"னு திருப்பியும் போடலாம், செம்ம இல்ல?

"காய் துங் ஆப் கோங்", கோழி வாத்துகிட்ட பேசுறது. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு சுத்தமா புரியலன்னா இது. யாரையும் முட்டாள்னு சொல்றதில்ல.

புதுசா பேசுறவங்க "கா யாவ்"ல ஆரம்பிங்க. எண்ணெய் ஊத்துன்னு நேர் அர்த்தம், பரீட்சைக்குப் போறவங்க, மேட்ச் ஆடுறவங்க, கஷ்டத்துல இருக்கறவங்க எல்லாருக்கும் சொல்லலாம், தப்பே ஆகாது. 2018ல ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே இதோட ஆங்கில வடிவத்தை சேர்த்துக்கிச்சு. ஆனா கணவாயை மட்டும் வேலை போனவர் முகத்துக்கு நேரா சொல்லாதீங்க, பாவம், மனசு நோகும்.