உப்புக்காற்றில் ஒரு விருந்தினர் இல்லம்: கேள்வி பதில்

கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் கடலை ஒட்டிய எங்கள் குடும்ப வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டுப் பராமரித்து வருகிறேன். இதேபோல் கடலோர வீடுகளைப் பராமரிக்கும் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நானே செய்து பார்த்துப் பயன் கண்டவற்றை மட்டும் பதிலாக எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, சொத்தவிளையில் இருக்கும் எங்கள் வீட்டில் ஏசியின் வெளிப்பெட்டி இரண்டே ஆண்டுகளில் அரித்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: காற்றில் வரும் உப்பு வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளில் படிந்து, ஈரத்தோடு சேர்ந்து அவற்றைத் தின்றுவிடுகிறது. மாதம் இருமுறை மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு, அழுத்தமில்லாத நல்ல தண்ணீரால் தகடுகளைக் கழுவுங்கள். உப்பேறிய கிணற்று நீரைக் கொண்டு கழுவினால் பயனில்லை. புதிய பெட்டியைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டாமல், வீட்டின் மறைவில் மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் அறையைத் திறந்தாலே பூஞ்சை வாடை அடிக்கிறது. வாசனைத் திரவம் தெளித்தும் போகவில்லை. (குளச்சல்)

பதில்: வாசனைத் திரவத்தைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அது வாடையை மறைக்குமே தவிர ஈரத்தைப் போக்காது. குழந்தைகளோடு வருபவர்களுக்கும் இளைப்பு உள்ளவர்களுக்கும் இரண்டும் சேர்ந்து பெருந்தொல்லையாகும். நம் மாவட்டத்துக்கு ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழையும் கிடைப்பதால், துணியும் மெத்தையும் முழுமையாகக் காயும் நாள்கள் நமக்குக் குறைவு. ஆகவே வெயில் கண்ட நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போடுவதை ஒரு கடமையாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கட்டிலையும் அலமாரியையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். விருந்தினர் சென்றதும் எதிரெதிர்ச் சன்னல்களைச் சில மணி நேரம் திறந்து வையுங்கள். தடித்த பூந்துவாலைகளைவிட நம்மூர்த் துவர்த்தே (மெல்லிய பருத்தித் துண்டு) மேல் என்பது என் உறுதியான கருத்து: அடைமழையிலும் மின்விசிறிக் காற்றில் ஓரிரவில் காய்ந்துவிடும், வெளியூர்க்காரர்களும் அதை விரும்பிக் கேட்டு வாங்குகிறார்கள்.

கேள்வி: எங்கள் கிணற்று நீர் உப்பு. வெந்நீர்க் கருவி அடிக்கடி பழுதாகிறது. (மணக்குடி)

பதில்: தொட்டி வகைக் கருவிக்குள் மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைவதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. அது கரைந்து தீர்ந்தபின் தொட்டியே அரிக்கத் தொடங்கும் என்பதால், ஆண்டுதோறும் திறந்து பார்த்து மாற்றுங்கள். குடிநீரைத் தனியாக வைத்து, எந்தக் குழாயில் உப்புநீர் வரும் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். விருந்தினர் சமையலறையில் தடுமாற வேண்டாம்.

கேள்வி: நான் வளைகுடாவில் வேலை செய்கிறேன். சில வாரங்கள் பூட்டிக் கிடந்தால் குளியலறையில் சாக்கடை நாற்றம் வருகிறது. (புதுக்கடை)

பதில்: கழிவுநீர்க் குழாயின் வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தைத் தடுக்கிறது, அது வற்றிப்போயிருக்கிறது. சாவி வைத்திருப்பவர் வாரம் ஒருமுறை ஒவ்வொரு துளையிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும். அப்போதே மொட்டைமாடியில் தேங்கிய நீரையும் கொட்டச் சொல்லுங்கள். டெங்கு பரப்பும் கொசு வளர ஏறத்தாழ ஒரு வாரமே போதும்.

கேள்வி: கடற்கரை மணல் வீடு முழுவதும் வந்துவிடுகிறதே? (கோவளம்)

பதில்: வாசலில் கால் கழுவ ஒரு குழாயும் ஒரு கயிற்று மிதியடியும் வையுங்கள்.

கேள்வி: சூரிய உதயம் பார்க்க விடியுமுன் கிளம்புபவர்களுக்கு என்ன செய்து தரலாம்? (கன்னியாகுமரி)

பதில்: குடுவையில் சுக்குக் காப்பியும் நாலு மட்டிப்பழமும் (நம்மூர்ச் சிறு வாழைப்பழம்) முந்தைய இரவே மேசையில் வைத்துவிடுங்கள், அந்த நேரத்தில் அவர்கள் யாரையும் எழுப்பத் தயங்குவார்கள். திரும்பி வந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் குளிப்பார்கள் என்பதால், மாடித் தொட்டியையும் இரவிலேயே நிரப்பி வையுங்கள். காலை 9 மணிக்கே அறையைக் காலி செய்யச் சொல்லும் வழக்கம் இருந்தால், அதை 11 மணியாக மாற்றுங்கள்.