காதுகுத்து பிரியாணிய வயிறு முட்ட தின்னுட்ட நாய்: என்ன செய்யணும், எப்ப ஓடணும்

கேள்வி: டாக்டர், நாங்க குடியாத்தம். நேத்து பையனுக்கு காதுகுத்து, வீட்லயே பிரியாணி பந்தி. எங்க லேப்ரடார், 4 வயசு, 28 கிலோ, எச்சில் இலை போட்ட கூடைய கவுத்து எலும்போட எல்லாத்தையும் தின்னுடுச்சு. ராத்திரி ரெண்டு வாட்டி வாந்தி, காலைல லூஸ் மோஷன், வயிறு கொஞ்சம் உப்பி சோர்ந்து படுத்துனு இருக்குது. மாமியார் விளக்கெண்ணெய் குடுக்கலாம்ன்றாங்க. குடுக்கலாமா?

பதில்: வேணாம்மா. ஏற்கனவே வயித்தால போயினு இருக்குற நாய்க்கு இன்னும் பேதிக்கு குடுத்தா உடம்புல மிச்சம் இருக்குற தண்ணியும் போயிடும், அதுவும் நம்ம ஊரு வெயில்ல. வாந்தி எடுக்குற நாய் வாயை புடிச்சி எண்ணெய் ஊத்தினா அது நுரையீரலுக்குள்ள எறங்குற ஆபத்தும் இருக்குது. உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, தின்னதுல எலும்பு இருக்குது, திரும்ப மேல வரும்போது உணவுக்குழாய கிழிச்சிடும்.

முதல்ல எழுந்து போய் வயித்த தொட்டு பாருங்க. நெறைய தின்ன நாய்க்கு வயிறு கொஞ்சம் பெருசா இருக்கறதும் ரெண்டு மூணு வாட்டி வாந்தி வந்து தின்னது வெளிய வர்றதும் சகஜம், அது பெரும்பாலும் ஒரு நாள் ரெண்டு நாள்ல சரியாயிடும். ஆனா வயிறு மத்தளம் மாதிரி விறைச்சி போயி, வாந்தி எடுக்க ஓங்கரிச்சினே இருந்து வெறும் எச்சிலும் நுரையும் மட்டும் வந்து, ஒரு எடத்துல படுக்க முடியாம எழுந்து எழுந்து நடந்துனு இருந்தா, அது இரைப்பை காத்து புடிச்சி முறுக்கினு இருக்கறதுக்கான அடையாளம். ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன், டாபர்மேன் மாதிரி நெஞ்சு ஆழமான பெரிய ஜாதிக்கு இது அதிகம், லேப்ரடாருக்கும் வரும். சில மணி நேரத்துலயே உயிர் போயிடும், ஆபரேஷன் இல்லாம முறுக்கு சரியாகாது. சென்னை வேப்பேரி கால்நடை காலேஜ் ஆஸ்பத்திரிக்கு நேரா கூட்டினு போறேன்னு கெளம்பாதீங்க, வேலூர்லேந்தே சென்னை 140 கிலோமீட்டர் கிட்ட, குடியாத்தத்துலேந்து இன்னும் தூரம். பக்கத்துல இருக்குற கால்நடை டாக்டர்கிட்ட போயி காத்த எறக்கி ட்ரிப் போட்டதுக்கப்புறம் தான் அடுத்தது.

மேல் உதட்ட தூக்கி ஈறையும் பாருங்க. ரோஸ் கலர்ல ஈரமா இருக்கணும், விரலால அழுத்தி விட்டா 2 செகண்டுக்குள்ள கலர் திரும்பணும். வெளுத்து இருந்தாலோ ஒட்டுனாப்புல காஞ்சி இருந்தாலோ உடனே டாக்டர்.

இதெல்லாம் நல்லா இருக்குதுன்னா இன்னிக்கி ஒரு 12 மணி நேரம் சாப்பாடு போடாதீங்க, தண்ணிய மட்டும் நிறுத்தவே கூடாது, ஆனா ஒரேடியா கிண்ணம் நெறய வைக்காம கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி வைங்க. அப்புறம் குழைய வடிச்ச சோறும் தோலும் எலும்பும் இல்லாத வேகவச்ச கோழியும், உப்பு மசாலா எதுவும் இல்லாம, வழக்கமா போடுறதுல கால்வாசி, ஒரு நாளைக்கு நாலஞ்சு வேளையா. ரெண்டு மூணு நாள் இப்படி போயி மலம் கெட்டிப்பட்டதும் பழைய சாப்பாட்ட மெதுவா கலக்குங்க. (ஆறு மாசத்துக்கு உள்ள இருக்குற குட்டிய இப்படி பட்டினி போடக்கூடாது, சக்கரை எறங்கி விழுந்துடும். தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியும் ரத்தபேதியும்னா பார்வோன்ற வைரஸ் நோயா கூட இருக்கலாம், காத்துனு இருக்காதீங்க.)

எவ்ளோ தின்னுச்சுன்றத விட எனக்கு அதிக கவலை, அது தின்னது பிரியாணின்றதுல தான். அதுல இருக்குற கொழுப்பு கணையத்த வீங்க வைக்கும், அது இன்னிக்கே தெரியாது, ஒரு நாள் மூணு நாள் கழிச்சி கூட வரலாம்: நின்ன வாந்தி திரும்ப ஆரம்பிக்கும், சோறு மோந்து கூட பாக்காது, முன்னங்கால நீட்டி தலைய கீழ வச்சி பின்பக்கத்த தூக்கி நிக்கும், வயிறு வலிக்குதுன்னு அர்த்தம். வேகவச்ச எலும்பு சில்லு சில்லா ஒடஞ்சி குடல்ல சிக்கலாம், குத்தலாம், அதனால முக்கினு முக்கினு மலம் வரலைன்னாலோ ரத்தம் வந்தாலோ எக்ஸ்ரே எடுக்கணும். அப்புறம் வெங்காயம். பிரியாணில வதக்கினதும் தயிர் பச்சடில பச்சையா போட்டதும் ரெண்டுமே நாய் ரத்தத்துல சிவப்பணுவ ஒடைக்கும், வேகவச்சா விஷம் போயிடாது. நாயோட எடைல கிலோவுக்கு 15லேந்து 30 கிராம் வெங்காயமே போதும், உங்க லேப்ரடாருக்கு அது குறைஞ்சபட்சம் அரைக்கிலோவுக்கு கொஞ்சம் கம்மி, ஒரு கூடை இலைல அவ்ளோ இருக்க வாய்ப்பு இருக்குது, பூண்டு வேற சேர்ந்துருக்கும். அதனால இந்த வாரம் முழுக்க மூத்திரம் என்ன கலர்ல போவுதுன்னு பாருங்க, காபி கலரா சிவப்பா போனா, ஈறு வெளுத்தா, ரத்தம் டெஸ்ட் பண்ண கூட்டினு போங்க.

வலிக்குதேன்னு பாவப்பட்டு பாராசிட்டமால், ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் எதுவும் குடுத்துடாதீங்க, மனுஷ மாத்திரை நாயோட வயித்துல புண்ணும் ஈரல் சிறுநீரக கெடுதலும் உண்டாக்கும்.

நாளைக்கு காலைக்குள்ள வாந்தி நிக்கலைன்னா, தண்ணி குடிச்சதும் வெளிய வந்தா, நான் சொன்ன எதுவும் இல்லாம வெறும் சோர்வே அதிகமானாலும் சரி, டாக்டர்கிட்ட காட்டுங்க. போகும்போது எத்தன மணிக்கு தின்னுச்சு, என்னென்ன இருந்துதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துனு போங்க, வாந்திய போன்ல போட்டோ புடிச்சி வச்சிக்கோங்க, பாக்குற டாக்டருக்கு அது பாதி வேலைய குறைக்கும்.