தங்கை மகனை நானே வளர்க்கவா?

கேள்வி: என் தங்கைக்கு அறிவுத்திறன் குறைபாடு. மூன்று வயதில் ஒரு மகன். பாசத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் காய்ச்சல் மருந்தை எவ்வளவு கொடுப்பது என்பதில்கூடக் குழம்பிவிடுகிறாள். பையனுக்கும் இன்னும் பேச்சு சரியாக வரவில்லை. அவனை நானே அழைத்துவந்து வளர்த்துவிடவா?

பதில்: வேண்டாம். அந்த வீட்டுக்கு நீங்கள் அடிக்கடி போய்வாருங்கள்.

முதலில் மருந்து. டாக்டர் சொன்ன அளவுக்கு நேராக, வாயில் மருந்து ஊற்றும் சிரிஞ்சில் சிவப்பு டேப் ஒட்டிக்கொடுங்கள். 'சிவப்பு வரைக்கும்' என்றால் போதும். பையன் எடை கூடினால் அளவு மாறும். டாக்டரைக் கேட்டு டேப்பையும் மாற்றி ஒட்ட வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எப்போது, எத்தனை முறை என்பதற்கு மட்டும் அவள் உங்களுக்கு போன் செய்யட்டும்.

சிறப்பாசிரியராக வீடு வீடாகப் போனவள் நான். உங்கள் தங்கை போன்றவர்களுக்கு வாயால் மட்டும் சொல்வது மனதில் நிற்காது. பையனைக் குளிப்பாட்டுவது என்றால், அவள் வீட்டுக் குளியலறையில், அவள் வாளியை வைத்தே செய்து காட்டுங்கள். அப்புறம் அவளைச் செய்யவிடுங்கள். கனடாவில் மாரிஸ் ஃபெல்ட்மன் என்ற உளவியலாளர் படக் கையேடுகளை வைத்து இப்படிப்பட்ட தாய்மார்களுக்குக் குழந்தை வளர்ப்பைக் கற்பித்தார். பலர் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

அடுத்து பையன். அம்மாவுக்கு இருப்பதால் அவனுக்கும் இருக்கும் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். முதலில் காது சரியாகக் கேட்கிறதா என்று பரிசோதியுங்கள், பிறகு பேச்சுப் பயிற்சியாளரிடம் போங்கள். வீட்டில் பேச்சுக் கொடுக்க ஆள் குறைவு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். விளையாட்டுப் பள்ளியில் தினமும் சில மணி நேரம் மற்ற பிள்ளைகளோடு இருக்கட்டும். நீங்கள் போகும்போது படப் புத்தகம் காட்டிக் கதை சொல்லுங்கள். தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

2006-இல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவு, பெற்றோரின் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்கிறது. பிள்ளை வளர்ப்பில் அவர்களுக்கு உதவுவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. ஆகவே சமூகநலப் பணியாளரிடம் வீட்டுக்கு வந்து உதவும் ஆளைக் கேட்கத் தயங்க வேண்டாம். அடியோ பட்டினியோ என்றால் கதையே வேறு. நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

பையன் படிக்கத் தொடங்கியதும் கடிதம் வாசிக்கவும் கணக்குப் பார்க்கவும் அவனையே கூப்பிடத் தோன்றும். அந்த வேலைகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தங்கையைத் திருத்துவதாக இருந்தால், அவன் எதிரில் வேண்டாம்.